எண்ணிக்கையும் எடையும்: நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரனின் ஆய்வுகள்

ராசிபுரம் வட்டாரத்தில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். அறுவடைக் காலத்தில் வண்டி வண்டியாகச் சேகோ ஆலைகளுக்குள் செல்லும் அக்கிழங்கு, ஜவ்வரிசியாக வெளியே வருகிறது. ஆங்கில நாவல் படிப்போரில் பலருக்கு ஆர்.கே. நாராயணின் முதலெழுத்தாக மட்டுமே அறிமுகமான இவ்வூருக்கு, நண்பர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்காக நாம் சென்றிருந்தோம். நிக்காஹ் முடிந்து விருந்துக்குக் காத்திருந்த வேளையில், அருகில் அமர்ந்திருந்த பெரியவரின் வலது சட்டைக்கை முழங்கைக்குக் கீழே மடித்துத் தைக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். இளமையில் ஆலை ஒன்றின் கிழங்கு அரைக்கும் இயந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவர் அவர். நாம் கேளாமலே அவர் சொன்னார்:

"கை போயிருச்சுங்க. ஆனா விரலு போகலீங்க. ராத்திரியானா இறுக்கி மூடிக்குது. நகம் உள்ளங்கையிலெ குத்துற மாதிரி வலிக்குது. விரிக்கலாமுன்னா விரிக்க முடியலீங்க."

வீட்டார் முதலில் நம்பவில்லையாம். பின்னர் ஓதிப் பார்க்க அழைத்துச் சென்றார்களாம். மருத்துவர் ஒருவரோ, "இல்லாத கை எப்படி வலிக்கும்?" என்று சிரித்து அனுப்பிவிட்டாராம். முப்பது ஆண்டுகளாக அவர் இதைப் பிறரிடம் சொல்வதை நிறுத்தியிருந்தார். அன்று ஏனோ நம்மிடம் சொன்னார்.

அப்பெரியவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பித்தும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே இதனைப் பதிவு செய்துள்ளார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தோருக்கு மருத்துவம் செய்த சைலஸ் வெயர் மிட்செல் 1871இல் இதற்கு 'மாய உறுப்பு' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஆயினும் அடுத்த நூற்றிருபது ஆண்டுகள் இது மருத்துவ நூல்களில் ஒரு விந்தைச் செய்தியாகவே கிடந்தது. அதனைச் சோதனை மேசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற தமிழ்நாட்டவரான விளையனூர் சு. இராமச்சந்திரன். அவருடைய ஆய்வுகள் எவை, அவை அறிவுலகில் எத்தகைய தடத்தைப் பதித்தன, அத்தடத்தை எந்தக் கோலால் அளப்பது என்பவற்றையே இக்கட்டுரையில் நோக்குகிறோம். முஸ்லிம் வாசகர்க்கு இதில் தனி அக்கறைக்கு இடமுண்டு. அதனை உரிய இடத்தில் சொல்வோம்.

1951இல் தமிழ்நாட்டில் பிறந்த இராமச்சந்திரன், இந்திய அரசியல் சாசன வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் பேரர். மருத்துவ மாணவப் பருவத்திலேயே அவரது நாட்டம் நோயைவிடப் பார்வையின் மீது சென்றது. இரு கண்களும் காணும் சற்றே வேறுபட்ட இரு பிம்பங்களிலிருந்து மூளை எவ்வாறு ஆழத்தை உணர்கிறது என்பது குறித்து வேறு இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1973இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பெருங்கருவி ஏதும் தேவைப்படாத ஆய்வு அது. வசதி குறைந்த நாட்டு மாணவர் ஒருவர், கண்ணையும் படத்தையும் கேள்வியையும் மட்டும் மூலதனமாகக் கொண்டு உலகின் முதன்மையான அறிவியல் இதழ்களுள் ஒன்றை எட்டினார். பின்னர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம். 1983 முதல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஆசிரியப் பணி. விருதுகளின் பட்டியலை இங்கு நீட்ட விரும்பவில்லை. 2007இல் இந்திய அரசு பத்மபூஷண் வழங்கியது என்பது போதும்.

1988இல் 'நேச்சர்' இதழில் வந்த அவரது மற்றொரு கட்டுரை நம் கவனத்திற்குரியது. தாளில் சில வட்டங்கள். ஒவ்வொன்றும் மேற்பகுதி வெளிறியும் கீழ்ப்பகுதி கருத்தும் இருக்கும். அவை முட்டை போல் மேடாகத் தோன்றும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதே வட்டங்கள் குழிகளாகிவிடும். ஒளி மேலிருந்தே வரும் என்றும், அது ஒரே மூலத்திலிருந்தே வரும் என்றும் மூளை தானே அனுமானித்துக்கொள்கிறது என்பது முடிவு. பார்வை என்பது கண்ணுக்குள் விழும் படமன்று. நாம் அறியாமலே நிகழும் ஒரு தீர்ப்பு.

இக்கருத்தை 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸிலிருந்து தொடங்குவதே மேலை நூல்களின் வழக்கம். ஆனால் பஸராவில் ஹிஜ்ரி 354இல் (கி.பி. 965) பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸம், தமது 'கிதாபுல் மனாழிர்' நூலின் இரண்டாம் பகுதியில் இதனை விரிவாகவே பேசியிருக்கிறார். ஒளியும் நிறமும் தவிர ஏனையவை வெறும் புலனுணர்வால் அறியப்படுவதில்லை. தொலைவு, வடிவம், அளவு முதலானவற்றை மனத்தின் பகுத்தறியும் ஆற்றல், முன்னறிவாலும் 'கியாஸ்' எனும் அனுமானத்தாலும் அறிகிறது. இது மின்னல் வேகத்தில் நடைபெறுவதால் நாம் அனுமானித்தோம் என்பதையே உணர்வதில்லை என்கிறார். காணப்படும் பண்புகள் 22 என வகுத்து, ஒவ்வொன்றிலும் பார்வை எப்படிப் பிழைபடுகிறது என்றும் ஆராய்கிறார். ஃபிக்ஹு நூல்களில் நாம் பழகிய 'கியாஸ்' என்னும் சொல் ஒளியியலில் வந்து நிற்பதைக் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சி தனி.

எனினும் ஓர் எச்சரிக்கை இங்குத் தேவை. "எல்லாம் நம்மவர் முன்பே சொன்னவைதாம்" என்று பெருமை பேசுவது நம் மேடைகளில் மலிந்துவிட்டது. இப்னுல் ஹைஸம் மூளைப் புறணியை அறிந்தவரல்லர், நரம்பணுவை அறிந்தவருமல்லர். அவர் வழங்கியது ஒரு வினாவையும் அதனைச் சோதித்தறியும் முறையையும் ஆகும். அதுவே பெரிது. இன்று கிடைக்கும் நரம்பு மண்டல வரைபடங்களுள் மிகப் பழமையானது எனக் கருதப்படுவது, அவர் நூலின் படியொன்றில்தான் உள்ளது. இரு கண்களும், அவற்றிலிருந்து புறப்பட்டு இணையும் நரம்புகளும் வரையப்பட்ட அப்படியை ஹிஜ்ரி 476இல் (1083-84) எழுதி முடித்தவர் இப்னுல் ஹைஸமின் மருமகனார். இஸ்தான்பூலில் சுலைமானிய்யா நூலகத்தில் அது பேணப்படுகிறது.

அந்நூல் அடைந்த கதியையும் நினைத்துப் பார்க்கவேண்டும். ஆசிரியர் மறைந்து இரண்டரை நூற்றாண்டுக் காலம் கீழை இஸ்லாமிய உலகில் அதனை ஆழ்ந்து பயின்றவர் மிகச் சிலரே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குத்புத்தீன் ஷீராஸி, தம் மாணவர் கமாலுத்தீன் ஃபாரிஸிக்காக அதன் படியொன்றைத் தேடிப் பெற்றுத் தந்தார். ஃபாரிஸி அதற்கு எழுதிய 'தன்கீஹுல் மனாழிர்' எனும் விரிவுரையில்தான் வானவில்லுக்கான சீரிய விளக்கம் பிறந்தது. மறுபுறம், 1200ஐ ஒட்டி இலத்தீனுக்குச் சென்ற அந்நூல் 1572இல் பாஸல் நகரில் அச்சேறி, கெப்ளரின் கைக்கு எட்டியது. இன்றைய பல்கலைக்கழகங்கள் செய்வது போல, நூல் வெளிவந்த முதல் ஐந்தாண்டுகளில் எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று கணக்கிட்டிருந்தால், இப்னுல் ஹைஸமுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்காது.

இனி மாய உறுப்புக்கு வருவோம். உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளைப் புறணியில் ஓரிடம் உண்டு. கனடாவின் பென்ஃபீல்டு வரைந்த அவ்வரைபடத்தில் கைக்கு அண்டை வீடாக அமைந்திருப்பது முகம். கையிலிருந்து வரும் நரம்புகள் பல்லாண்டுகளுக்கு முன் துண்டிக்கப்பட்ட குரங்குகளில், முகத்தைத் தொட்டபோது கைக்குரிய பகுதி துடித்ததாக 1991இல் டிம் பான்ஸ் குழுவினர் அறிவித்தனர். குரங்கிடம் "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்க இயலாது, மனிதரிடம் இயலும். கையிழந்து சில வாரங்களே ஆன 17 வயது இளைஞர் ஒருவரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் அவர் கன்னத்தை வருடினார் இராமச்சந்திரன். தம் இல்லாத கட்டைவிரலை யாரோ தொடுவதாக இளைஞர் கூறினார். 1992இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளியானது. வளர்ந்த மனிதரின் மூளை மாறாக் கட்டடம் அன்று, அது தன்னைத் திருத்தியமைத்துக்கொள்ளும் என்னும் எண்ணம் பரவியதில் இவ்வெளிய சோதனைக்குப் பெரும்பங்கு உண்டு.

அடுத்தது கண்ணாடிப் பெட்டி. மேசைமேல் ஒரு நிலைக்கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தவேண்டும். நலமான கையை அதன் முன் வைத்துப் பார்த்தால், இழந்த கை இருக்குமிடத்தில் இன்னொரு கை தெரியும். நல்ல கையை விரித்தால் கண்ணாடியில் உள்ள கையும் விரியும். மூளை கண்ணை நம்பிவிடுகிறது. 1996இல் வெளியிடப்பட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் பத்துப் பேர். அவர்களுள் ஆறு பேருக்கு மாயக் கை அசைவதாகத் தோன்றியது. விரல் இறுகும் வலியுற்றிருந்தவர் ஐவர்; கண்ணாடியின் துணையால் விரல்கள் விரிந்து நான்கு பேருக்கு இறுக்கம் தணிந்தது. ராசிபுரத்துப் பெரியவர் சொன்ன அதே இறுக்கம். கருவியின் விலையோ நம்மூர் முடிதிருத்தகத்துக் கண்ணாடியின் விலைதான்.

பத்துப் பேரைக் கொண்ட ஆய்வு ஒரு தொடக்கமே. 2007இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழி'ல், அமெரிக்காவின் வால்டர் ரீடு இராணுவ மருத்துவமனையில் காலிழந்தோரிடம் செய்த ஒப்பீட்டு ஆய்வு வந்தது. முடித்தவர்கள் 18 பேர், மூன்று குழுக்கள். நான்கு வாரங்கள் கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற அறுவருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன் அமர்ந்தவருள் ஒருவருக்கும், மனத்தால் மட்டும் எண்ணிப் பார்த்தவருள் இருவருக்கும் குறைந்தது. இதற்கு முன்பே 1999இல் பக்கவாத நோயாளரிடமும் கண்ணாடி சோதிக்கப்பட்டிருந்தது. இன்று உலகின் பல புனர்வாழ்வு நிலையங்களில் அது வழக்கமாகியுள்ளது. தாமே ஒரு காலை இழந்தவரான கனடா நாட்டு ஸ்டீஃபன் சம்னர், மிதிவண்டியில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, கண்ணிவெடிகளால் முடமான கம்போடிய கிராமத்தவரிடம் சென்று இம்முறையைக் கற்பித்தார். இதனை எந்த மேற்கோள் பட்டியலில் சேர்ப்பது?

ஆயினும் பின்வந்த திறனாய்வாளர்கள், இம்முறை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சான்று இன்னும் உறுதியானதன்று என்றே கூறுகின்றனர். இதைவிடப் பெரிய மறுப்பு அடித்தளத்தின் மீதே எழுந்தது. முகம் கையின் இடத்தை ஆக்கிரமிக்கிறது, அந்த ஆக்கிரமிப்புக் கூடக் கூட வலியும் கூடுகிறது என்று 1995இல் ஹெர்டா ஃப்ளோர் குழுவினர் கண்டிருந்தனர். 2013இல் தமார் மாக்கின் குழுவினரோ நேர்மாறாக, வலி மிகுந்தோரிடம் கைக்குரிய பகுதி நன்கு பேணப்பட்டிருப்பதாகக் காட்டினர். 2025இல் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, கை அகற்றப்பட்ட மூவரை அறுவைக்கு முன்னும் பின்னும் படம் பிடித்தது. கையின் வரைபடம் அழியவில்லை. உதடு அங்குக் குடியேறவுமில்லை. அப்படியாயின் கன்னத்தைத் தொட்டபோது கை உணர்ந்தது ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டும். நோயாளி கூறிய உணர்வு பொய்யாகிவிடவில்லை. அதற்குச் சொன்ன காரணமே ஆட்டம் கண்டிருக்கிறது.

இங்கேதான் அளவுகோல் பற்றிய வினா எழுகிறது. ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை முறை சுட்டினர் என்று எண்ணும் முறையை 1964இல் 'அறிவியல் மேற்கோள் அட்டவணை' மூலம் நிலைநாட்டியவர் யூஜின் கார்ஃபீல்டு. ஓர் அறிஞரின் வாழ்நாள் பணியையே ஓர் எண்ணில் அடக்கும் 'எச்-சுட்டெண்'ணை 2005இல் முன்மொழிந்தவர் இயற்பியலார் ஜார்ஜ் ஹிர்ஷ். அவரும் அதே சான் டியாகோ வளாகத்தவர் என்பது சுவையான தற்செயல். 1992ஆம் ஆண்டுக் கட்டுரையைப் போற்றிச் சுட்டியவரும் மறுத்துச் சுட்டியவரும் அக்கணக்கில் ஒன்றே. மறுக்கப்பட மறுக்கப்பட எண் ஏறிக்கொண்டே போகும்.

நம் முஹத்திஸ்கள் இச்சிக்கலை அறிந்திருந்தார்கள். அறிவிப்பாளர்களின் பெருந்தொகைக்கு அவர்கள் மதிப்பளித்தார்கள். 'முத்தவாதிர்' என்னும் வகையே அதற்குச் சான்று. ஆனால் ஒவ்வொரு ராவியின் நினைவாற்றலையும் நேர்மையையும் 'அல்ஜர்ஹு வத்தஃதீல்' என்னும் துறையால் எடைபோட்ட பின்னரே எண்ணத் தொடங்கினார்கள். சிறு குறையுள்ள அறிவிப்புகள் பல வழிகளில் வந்தால் ஒன்றையொன்று தாங்கும். பொய்யர் வழியாக நூறு தடவை வந்தாலும் நூறும் சேர்ந்து ஒன்றாகாது. மக்கள் நாவில் புகழ்பெற்று விளங்கும் ஹதீஸ்களை மட்டும் தொகுத்து, அவற்றுள் ஆதாரமுள்ளவை எவை, அற்றவை எவை என்று காட்ட இமாம் ஸகாவி (மறைவு ஹி. 902 / கி.பி. 1497) 'அல்மகாஸிதுல் ஹஸனா' என்னும் தனிநூலே எழுதவேண்டியிருந்தது. புகழ் வேறு, உறுதி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு எந்த நூலகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை.

இராமச்சந்திரனின் பணியிலும் நாவில் புகழ்பெற்ற செய்திகள் இரண்டு உண்டு. ஒன்று, 'கண்ணாடி நரம்பணு'. பிறர் செயலைக் காணும்போதும் தாம் செய்யும்போதும் ஒருங்கே இயங்கும் இவ்வணுக்கள் இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளிடம் கண்டறியப்பட்டவை. இவற்றை உளவியலின் பெருந்திறவுகோலாக 2000இல் இராமச்சந்திரன் முன்மொழிந்தார். ஆட்டிசத்தின் காரணமே இவற்றின் பழுதுதான் என்னும் கருத்தையும் 2006இல் பரப்பினார். அக்கருத்தைப் பின்வந்த சோதனைகள் போதிய அளவு தாங்கவில்லை. 2014இல் கிரெகரி ஹிகாக் அதனை மறுத்து ஒரு நூலே எழுதினார். ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு அக்கருத்து எத்தனை தவறான நம்பிக்கையை ஊட்டியிருக்கும் என்று எண்ணும்போது, இதனை வெறும் அறிஞர் சச்சரவாகக் கடந்துபோக மனம் வரவில்லை.

மற்றொன்று நம்மை நேரடியாகத் தொடுவது. மூளையின் பொட்டுமடல் வலிப்புடைய சிலர் சமயச் சொற்களைக் கண்டபோது அவர்களது தோலின் மின்கடத்தல் மிகுந்தது என 1997இல் அவர் குழுவினர் ஒரு மாநாட்டில் தெரிவித்தனர். அது மாநாட்டுச் சுருக்கம், ஆராயப்பட்டவர் ஓரிருவர். நாளிதழ்களோ "மூளையில் கடவுளின் இடம் கண்டுபிடிப்பு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டன. 1998இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் அவர் எழுதிய புகழ்மிக்க நூலில் அச்சோதனைக்கு ஓர் இயலே அமைந்தது. இதனால் இறைவனின் உண்மையோ இன்மையோ நிறுவப்படாது என்று அவர் அங்கேயே கூறியிருப்பதை மேற்கோள் காட்டுவோர் குறைவு. 2006இல் கனடாவில் கார்மலைட் துறவியர் 15 பேரின் மூளையைப் படம் பிடித்த ஆய்வில், ஆன்மிக அனுபவத்தின்போது ஓரிடமன்று, பல பகுதிகள் இயங்குவது தெரிந்தது.

வஹீயை வலிப்பு என்று எழுதிய பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோஃபானஸ் (மறைவு 818) முதல், அப்பழியைக் கிரேக்கரின் அவதூறென ஒதுக்கித் தள்ளிய கிப்பன் வரை நீளும் பழைய விவாதத்தை நம் வாசகர்கள் அறிவார்கள். தலைப்புச் செய்திகள் அதற்குப் புதுச் சட்டை மாட்டிவிட்டன. நம்மவருள் சிலர் சினந்தனர். வேறு சிலர் "இறைநம்பிக்கை மூளையிலேயே பதிந்துள்ளதை அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டது" என்று மிம்பரிலேயே மகிழ்ந்தனர். இரு சாராரும் மூலத்தைத் தேடிப் படிக்கவில்லை. ஸகாவி இருந்திருந்தால் இரு சாராரிடமும் முதலில் இஸ்னாதைக் கேட்டிருப்பார்.

இராமச்சந்திரனை எடைபோடும்போது நாம் காண்பது இதுவே: அவருடைய ஊகங்கள் பலவும் அவரை மிஞ்சி ஓடிவிட்டன, அவருடைய சோதனைகள் நின்றன. குழிகளாக மாறும் வட்டங்கள் இன்றும் குழிகளாகின்றன. எண்ணை நிறத்தோடு காண்போர் பற்றி 2001இல் ஹப்பர்டுடன் சேர்ந்து அவர் வகுத்த சோதனைகள், அதனை வெறும் கற்பனை என ஒதுக்கும் வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவர உதவின. தாயைக் கண்டால் வேடதாரி என்றும், தொலைபேசியில் குரல் கேட்டால் தாய் என்றும் கூறிய நோயாளியைப் பற்றி 1997இல் அவரும் ஹிர்ஸ்டைனும் எழுதியது இன்றும் பாடமாகிறது. அவர் பயின்ற ஸ்டான்லியில் 1970களில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறை, இயந்திரங்களில் நசுங்கிய எத்தனையோ தொழிலாளர் கைகளை மீட்டது. ஒரே கல்லூரி, ஒருவர் இருக்கும் கையைக் காத்தார், மற்றவர் இல்லாத கையை ஆராய்ந்தார். முன்னவரின் பெயரை எச்-சுட்டெண் பட்டியலில் தேடுவோர் ஏமாறக்கூடும்.

ராசிபுரத்துக்கு நாம் மீண்டும் சென்றது நண்பரின் இல்லத்தில் பிறந்த குழந்தைக்கு அகீகா கொடுத்தபோது. பெரியவரின் வீட்டைத் தேடிச் சென்றோம். முந்தைய சந்திப்பிலேயே கண்ணாடி பற்றி அவர் மகனிடம் சொல்லியிருந்தோம். மருத்துவரின் ஆலோசனையோடு செய்யவேண்டும் என்றும் வலியுறுத்தியிருந்தோம். அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய கண்ணாடி, இரண்டு செங்கற்களுக்கிடையே மேசைமேல் நின்றிருந்தது. பெரியவர் இடக்கையை அதன் முன் நீட்டி, மெதுவாக மூடித் திறந்து காட்டினார். கண்ணாடியைப் பார்க்கும்வரை விரல் விரிவதாகவும், எடுத்த சற்று நேரத்தில் பழையபடி மூடிக்கொள்வதாகவும், சில இரவுகளில் மட்டும் உறக்கம் வருவதாகவும் சொன்னார். மகன் தந்தையின் கையைப் பார்க்காமல் கண்ணாடிக்குள் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.